பாழாய்ப் போக வேண்டிய பணம்

மருதப்பன் காய்ச்சலில் படுத்திருந்த அந்த வாரம் அவனைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கட்டிலருகே வந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். உடன்பிறந்த தம்பி சின்னக்கண்ணு மட்டும் நேராகக் கொல்லையில் இருந்த மாட்டுப் பட்டிக்குப் போனான். கட்டியிருந்த காளைகளின் வாயைப் பிளந்து பல் பார்த்தான். முதுகைத் தடவிச் சுழி பார்த்தான். பட்டியின் அகலத்தைக் காலடி வைத்து அளந்தான். பிறகு வீட்டுக்குள் வந்து, அண்ணன் மூச்சு விடுகிறானா என்று எட்டிப் பார்த்து, விடுகிறான் என்று தெரிந்ததும் முகம் சற்றுச் சுருங்க, முத்தாயியிடம் கேட்டான்.

"அந்தப் பித்தளை அண்டா யாருது? எங்க ஆத்தாளுதா?"

"ஆமா. உங்க ஆத்தா கப்பலேறி வந்து குடுத்துட்டு அடுத்த கப்பல்ல போனா" என்றாள் முத்தாயி.

அண்டா அவள் வறட்டி விற்ற காசில் வாங்கியது. அது சின்னக்கண்ணுக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டான். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்த மருதப்பனுக்கு எல்லாம் காதில் விழுந்தது. டிஸ்பென்சரி மருந்தும் கஷாயமும் ஒரு வாரமாக இறக்க முடியாத காய்ச்சலை அந்த அண்டா இறக்கிவிட்டது. மறுநாள் காலை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான்.

அவர்கள் குடியிருந்த தேக்காவைச் சுற்றி அந்தக் காலத்தில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம். வண்டி இழுக்க மாடு, பால் கறக்க மாடு, அன்னாசி ஆலைக்குச் சரக்கு ஏற்ற மாடு, எதற்கும் உதவாமல் போனால் கறிக்கு மாடு. அவற்றில் பாதி மருதப்பன் தரகில் கைமாறியவை. சிராங்கூன் ரோட்டில் அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால், மாட்டுக்காரர்கள் அவரவர் மாட்டின் நொண்டிக் காலை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். தொழிலில் அப்படிப் பேர் எடுத்தவன். வீட்டு விவகாரத்தில் மட்டும் ஊர் அவனை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது. அதற்குக் காரணம் முத்தாயி.

முத்தாயி ஜோகூரில் ஒரு காப்பித் தோட்டத்தில் கங்காணியின் மச்சானுக்கு வாழ்க்கைப்பட்டவள். அந்த மச்சான் குடிப்பதையும் அடிப்பதையும் தவிர வேறு வேலை எதுவும் செய்ததாகத் தோட்டத்தில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. மாடு வாங்கப் போன மருதப்பன் திரும்பும்போது, தொங்காங் படகில் மாடுகளோடு அவளும் ஏறிக்கொண்டாள். இங்கே வந்து கோயிலில் தாலி கட்டிவைக்கச் சொல்லிக் கேட்டதற்கு, முதல் புருஷன் உயிரோடு இருக்கிறானே, சாஸ்திரம் இடம் கொடுக்காது என்று குருக்கள் கையை விரித்துவிட்டார். முத்தாயி அம்மன் முன்னாலேயே ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்துத் தன் கழுத்தில் தானே கட்டிக்கொண்டு, மூன்று முடிச்சையும் தானே போட்டுக்கொண்டு, "முடிச்சு விழுந்தாச் சரிதானே சாமி" என்று கேட்டுவிட்டு வந்தாள். குருக்கள் அதற்கான சாஸ்திரத்தைத் தேட உள்ளே போனார்.

ஊரில் கல்யாணப் பத்திரிகை வந்தால் மருதப்பன் பேருக்குத்தான் வரும். அவளை எல்லோரும் 'மருதப்பன் வீட்டுப் பொம்பளை' என்றே சொன்னார்கள். பிள்ளை குட்டி இல்லை. அவன் கண்ணை மூடினால் காளைகளும் பட்டியும் வீடும் தம்பிக்கு. அவளுக்குத் தெரு. இது அவனுக்கு முன்பே தெரிந்த சங்கதிதான். ஆனால் தம்பி பட்டியைக் காலடி வைத்து அளந்ததை முத்தாயி சொல்லிக் கேட்ட பிறகுதான், இதற்கு ஒரு வழி செய்தாக வேண்டும் என்று முடிவு செய்தான்.

கஞ்சி குடித்த தெம்பில் அவன் நேராகப் போய்ப் பார்த்தது ஷேக் தாவூதை.

ஷேக் தாவூது நாகூர் மரைக்கார் வீட்டுப் பிள்ளை. மார்க்கெட் ஸ்ட்ரீட் ஜவுளிக் கடையில் முழம் போட்டுக்கொண்டிருந்தவன், இங்கிலீஷ் படித்து, ராஃபிள்ஸ் பிளேஸில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்கு ஆயுள் பாலிசி ஏஜென்டாக ஆகியிருந்தான். அவன் தொழிலில் ஒரே ஒரு சங்கடம். சாவு என்ற வார்த்தையைச் சொல்லாமல் சாவை விற்க வேண்டும். தப்பித் தவறிச் சொல்லிவிட்டால் கடைக்காரர்கள் அவன் போன பிறகு வாசலில் தண்ணீர் தெளித்தார்கள். பள்ளிவாசலில் பெரியவர்கள் இதெல்லாம் சூதாட்டம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இத்தனைக்கும் நடுவே ஒருவன் தானாக வந்து, கோப்பிக் கடையில் எதிரே உட்கார்ந்து, "எனக்கு ஒரு பாலிசி வேணும் மரைக்காரே" என்றால் அவனுக்குச் சந்தேகம் வராதா?

"கிண்டல் பண்ணச் சொல்லி யாரு அண்ணே அனுப்புனது?"

"நானாத்தான்யா வந்தேன். என்னென்ன சரக்கு வச்சிருக்கீரு, சொல்லும்."

தாவூது கோப்பிக் குவளையைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "மூணு தினுசு இருக்குண்ணே. மொதல் தினுசு, ஆயுசு பூராக் கட்டிட்டு வரணும். என்னைக்காவது, அல்லா உங்களுக்கு நீண்ட ஆயுசக் குடுக்கட்டும், ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா…"

"செத்தான்னு சொல்லும்."

"…ஆயிட்டா, பணம் வீட்டுக்கு வரும். ரெண்டாவது, இத்தனை வருஷம்னு ஒரு கெடு. கெடுவுக்குள்ள அந்த மாதிரி ஏதாச்சும்…"

"செத்தா."

"…ஆனா, பணம் வீட்டுக்கு. ஆகலைன்னா, கெடு முடிஞ்சதும் பணம் உங்க கைக்கே திரும்பி வந்துரும்."

"இது நல்லாருக்கே!"

"நல்லாத்தான் இருக்கும். வெலையும் அதுக்குத் தக்கன இருக்கும்" என்று தாவூது ஒரு தொகையைச் சொன்னான். மருதப்பன் அதைக் கேட்டு, வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். அந்தத் தொகையைக் கட்ட வேண்டுமானால் வருஷத்துக்கு ஒரு ஜோடிக் காளையை விற்க வேண்டும். முதல் தினுசும் அதே கதைதான்.

"மூணாவதைச் சொல்லும்."

"மூணாவது வெறும் கெடு பாலிசி. ரொம்ப மலிவுண்ணே. கெடுவுக்குள்ள…"

"செத்தா."

"…பணம் வீட்டுக்கு. கெடுவைத் தாண்டி நல்லா இருந்தீங்கன்னா…"

"இருந்தா?"

"நல்லா இருப்பீங்க."

"பணம்?"

"பணம் கம்பெனிக்கு."

மருதப்பன் அவனையே உற்றுப் பார்த்தான். "அப்ப நான் உசுரோட இருந்தா எனக்கு நட்டம்?"

"உசுரு லாபந்தானே அண்ணே?"

"உசுரு என் சொந்தச் சரக்குய்யா. அதை எடுத்து உம்ம கம்பெனி குடுத்த லாபத்துல சேக்குறீரு?"

தாவூது சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தான். எதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது மாதிரி சில நிபந்தனைகளைப் படித்தான். மருதப்பன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எந்தத் தரகன்தான் அப்படிச் சொல்லவில்லை? அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"யார் பேருக்கு வேணும்னாலும் எழுதலாமா? தாலி கட்டாத பேருக்கும்?"

"கம்பெனி தாலியெல்லாம் பாக்காது அண்ணே. பேரு தெரிஞ்சாப் போதும்."

இத்தனை வருஷத்தில் முத்தாயியைப் பற்றி யாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசி அவன் கேட்டதில்லை. மூன்றாவது தினுசு என்று அப்போதே முடிவாகிவிட்டது. இருந்தாலும் சொன்ன விலைக்கு எதையும் வாங்கி அவனுக்குப் பழக்கமில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்துத் தாவூதின் வலது கைமேல் போட்டு, அதற்கடியில் தன் கையை விட்டான். மாட்டுத் தரகில் விலையை வாயால் பேசுவது கிடையாது. துண்டுக்கடியில் ஒருவன் விரலை ஒருவன் பிடித்து, இத்தனை விரல் இத்தனை வெள்ளி என்று பேசிக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

"அண்ணே, இது அச்சடிச்ச ரேட்டு. லண்டன்ல இருந்து வருது" என்று தாவூது நெளிந்தான்.

"பேசாதீரு. விரலைக் காட்டும்."

தாவூது அச்சடித்த ரேட்டை விரலில் காட்டினான். மருதப்பன் ஒரு விரலை மடக்கினான். தாவூது அதை நிமிர்த்தினான். மருதப்பன் மறுபடி மடக்கினான். தாவூது மறுபடி நிமிர்த்தினான். கோப்பிக் கடைச் சீனன் தட்டைத் துடைத்துக்கொண்டே, துண்டுக்குள் கை கோத்து உட்கார்ந்திருக்கும் இரண்டு ஆண்களையும் ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு உள்ளே போனான். தாவூதின் காது மடல் சிவந்தது. ஆனால் விரல் அசையவில்லை. அசைத்தால் மிச்சத்தை அவன் கைக்காசில் அல்லவா கட்ட வேண்டும்? கடைசியில் மருதப்பன் கையை எடுத்துக்கொண்டான். இப்படி ஒரு பிடிவாதக்கார விரலை அவன் எந்தச் சந்தையிலும் பிடித்ததில்லை. அன்றைக்கே தாவூதின் மேல் அவனுக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது.

அடுத்து டாக்டர். அங்கேதான் மருதப்பனுக்கு ஒரு வில்லங்கம் இருந்தது.

போன ஆடியில் ஒரு சயாம் காளை அவனை நெஞ்சில் முட்டித் தள்ளிவிட்டது. வீக்கம் வடிந்த பிறகும் இருமல் நிற்கவில்லை. சில நாள் இருமும்போது துண்டில் ரத்தம் பட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. துண்டைத் தானே துவைத்துக் கொடியில் போட்டுவிடுவான். தான் ரொம்பச் சாமர்த்தியமாக மறைத்துவிட்டதாக அவனுக்கு எண்ணம். வாழ்க்கையில் ஒரு கோவணத்தைக்கூடத் துவைத்தறியாத மனுஷன் திடீரென்று துண்டு துவைத்தால் வீட்டிலிருக்கிற பெண்ணுக்குத் தெரியாமல் போகும் என்று நினைத்தானே, அதை என்னவென்று சொல்வது!

அதை டாக்டரிடம் மறைப்பதில் அவனுக்கு மனசாட்சி உறுத்தல் ஒன்றும் இல்லை. மாட்டை விற்கிறவன் மாட்டின் குறையைச் சொல்வானா? வாங்குகிறவன்தான் பல்லைப் பார்க்க வேண்டும், நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். கயிறு கை மாறிவிட்டால் அதற்குப் பிறகு மாடு நொண்டினாலும் படுத்தாலும் வாங்கினவன் தலையெழுத்து. இங்கே விற்கிற சரக்கு மருதப்பன். வாங்குவது கம்பெனி. பார்த்து வாங்க டாக்டரை வைத்திருக்கிறது. அவன் கண்ணில் படாவிட்டால் அது யார் குற்றம்?

முத்தாயியிடம், ஒரு கம்பெனி காரியமாக வெள்ளைக்கார டாக்டர் தன்னைப் பார்க்கப் போகிறார் என்று மட்டும் சொன்னான். விலை படிவதற்கு முன்னால் வீட்டில் சொல்வது தரகர் வழக்கம் அல்ல. அதோடு, 'நான் செத்தால் உனக்குப் பணம்' என்று அவளிடம் ஆரம்பித்தால் கையில் இருக்கும் அகப்பை எந்தப் பக்கம் பறக்கும் என்றும் அவனுக்குத் தெரியும்.

"வெள்ளைக்கார டாக்டரா? எவ்வளவு கேக்குறாரு?" என்றாள்.

"காசில்லை. கம்பெனி குடுக்குது."

"சும்மா பாக்குறாரா! நானும் வாரேன்."

"நீ எதுக்குடி?"

"நானும் டிராம் ஏறுனதில்லை" என்றாள். மின்சார டிராம் ஓட ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகியும் அவள் ஏறாதது உண்மைதான். அவனும் அதை நம்பி அழைத்துக்கொண்டு போனான்.

டாக்டரின் அறை ராஃபிள்ஸ் பிளேஸில் ஒரு மாடியில் இருந்தது. முத்தாயியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, மருதப்பனும் தாவூதும் உள்ளே போனார்கள். தாவூது மொழிபெயர்ப்பு. வெள்ளைக்காரத் துரையை இங்கே 'துவான்' என்பார்கள்; டாக்டர் துவான் சிவந்து பெருத்த மனிதர். வாயைத் திறக்கச் சொன்னார். மருதப்பன் சந்தோஷமாகத் திறந்தான். பல் பார்க்கத் தெரிந்த ஆள் என்று அவனுக்குத் திருப்தி. கண் இமையை இழுத்துப் பார்த்தார். முட்டியில் தட்டினார். அறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கவிட்டார். தன்னைத்தானே விற்பனைக்கு ஓட்டிக் காட்டும் சிரத்தையோடு மருதப்பன் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான்.

"அப்பா எதுல தவறிப் போனாருன்னு கேக்குறாரு" என்றான் தாவூது.

"மாடு முட்டி."

"அம்மா?"

"அப்பன் செத்த கோவத்துல."

தாவூது இங்கிலீஷில் என்ன சொன்னானோ, துவான் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

"இருமல், நெஞ்சுவலி, ரத்தம், இப்படி ஏதாச்சும் உண்டா?"

"கிடையவே கிடையாது" என்றான் மருதப்பன். "இரும்பு உடம்புன்னு சொல்லும்."

அப்போதுதான் கதவு திறந்தது. வாசல் பியூன் தடுக்கத் தடுக்க முத்தாயி உள்ளே வந்துவிட்டாள். துவானைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மூச்சு விடாமல் கொட்டினாள்.

"துரை, இந்த மனுசன் பொய் சொல்றாரு. போன ஆடியில மாடு முட்டுச்சு. அதுலேருந்து இருமல். ரத்தம் ரத்தமாத் துப்புறாரு. துண்டை ஒளிச்சு ஒளிச்சுத் துவைக்கிறாரு. ராத்திரியில வேர்த்துக் கொட்டுது. நீங்க நல்லாப் பாருங்க துரை, இங்க, இந்த இடத்துல பாருங்க."

துவான் புருவத்தை உயர்த்தித் தாவூதைப் பார்த்தார். தாவூது மருதப்பனைப் பார்த்தான். மருதப்பன் கண்ணாலேயே கெஞ்சினான்: தண்ணீர் கேட்கிறாள் என்று சொல்லித் தொலையேன். தாவூதின் கமிஷனும் அதையே சொல்லச் சொன்னது. 

ஆனால் முத்தாயி அவனுக்காகக் காத்திருக்கவில்லை. குனிந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கர் கர்ரென்று இருமிக் காட்டினாள். சேலை முந்தானையால் வாயைத் துடைத்து, தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு, அந்தச் சிவப்பை முந்தானையில் தடவித் துவானுக்கு முன்னால் நீட்டினாள். பிறகு மருதப்பனைச் சுட்டினாள். இதற்கு எந்த மொழிபெயர்ப்பும் வேண்டியிருக்கவில்லை.

துவான் எழுதியதை அடித்தார். குழாயை எடுத்து மருதப்பனின் நெஞ்சிலும் முதுகிலும் வைத்து வெகுநேரம் கேட்டார். முத்தாயி பக்கத்திலேயே நின்று, அவர் விட்டுவிட்ட இடங்களையெல்லாம் காட்டிக்கொடுத்தாள்.

வெளியே வந்து ஆற்றுப் பாலம் வரைக்கும் மருதப்பன் விடுவிடுவென்று முன்னால் நடந்தான். பாலத்தில் நின்று திரும்பினான்.

"கெடுத்தியேடி! விலை படியிற நேரத்துல மாட்டோட கால் நொண்டின்னு கத்துறவளை நான் பாத்ததே இல்லை."

"மாடு யாரு?"

"நாந்தான்!"

"காசு வாங்காத டாக்டரு கெடைச்சிருக்காரு. அவருகிட்ட வியாதியச் சொல்லாம வேற என்னத்தச் சொல்றது? ஊர் நாயமா பேசுறது?"

"அவரு வைத்தியம் பாக்கிறதுக்கு இல்லைடி. நான் செத்தா உனக்குப் பணம் வர்ற மாதிரி எழுதுறதுக்கு. என் தம்பி உன்னைத் தெருவுல விட்டுருவான். அவன் பட்டியக் காலால அளந்தான்ல, பாத்தேல்ல? அதுக்காகத்தான் எல்லாம். உன் பேருலதான் எழுதச் சொன்னேன். உன் பேருல!"

முத்தாயி வாயடைத்துப்போய் நின்றாள். மருதப்பன் அதுவரை அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. குருக்களுக்கே பதில் சொன்னவள் அவள்.

பின்னால் வந்த தாவூது மெல்லத் தொண்டையைச் செருமினான். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க மறைச்சு வாங்கியிருந்தாலும் பிரயோசனமில்லை. பின்னால தெரிஞ்சா கம்பெனி பணம் குடுக்காது. அக்காவுக்கு ஒரு காசு வந்திருக்காது. அன்னைக்கே கோப்பிக் கடையில சொன்னேனே."

"கயிறு மாறுனதுக்கு அப்புறமுமா?"

"இந்த யாவாரத்துல கயிறு மாறவே மாறாது அண்ணே. கடைசி வரைக்கும் அவங்க கையிலதான்."

இப்படி ஒரு அநியாயத் தொழிலை மருதப்பன் கேள்விப்பட்டதே இல்லை. கம்பெனியைத் திட்டினான். லண்டனைத் திட்டினான். அச்சடித்த ரேட்டைத் திட்டினான். முத்தாயியை மட்டும் திட்டவில்லை. டிராமில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே வேடிக்கை பார்க்கவே இல்லை. தன் மடியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். துண்டில் ரத்தம் கண்ட நாளிலிருந்து அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவனுக்கும் பயமாக இருந்தது. அவன் பயம் அவள் தெருவில் நிற்பாளே என்று. அவள் பயம் அவன் இல்லாமல் போவானே என்று. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் இதை ஒருவருக்கொருவர் சொல்லாமலே ஒரு வருஷம் ஓட்டியிருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்துத் தாவூது பட்டிக்கு வந்தான். முகத்தில் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருந்தது.

"துவான் எழுதிட்டாரு அண்ணே. நெஞ்சுல பெரிசா ஒண்ணும் கேக்கலையாம். மாடு முட்டுன காயத்துலேருந்து வந்த ரத்தமா இருக்கலாம், வேற மாதிரியும் இருக்கலாம், இப்பச் சொல்ல முடியாதுங்கிறாரு. தெனமும் பால் குடிக்கணும், முட்டை சாப்பிடணும், சுருட்டை விடணும்னு சொன்னாரு."

"பாலா? நானா?" மருதப்பனுக்கு அதிர்ச்சி. அவன் வீட்டில் பால் என்பது விற்பதற்கு உள்ள வஸ்து. "கம்பெனி என்ன சொல்லுது?"

"அஞ்சு வருஷக் கெடு. அதுக்கு மேல தர மாட்டாங்க. ரேட்டும் கூட. சொன்னதுல பாதி இன்னும் சேத்துக் கட்டணும்."

மருதப்பன் எழுந்து நின்றான். "கேட்டியா முத்தாயி? அஞ்சே அஞ்சு வருஷம். ஒண்ணரை மடங்கு விலை. அஞ்சு வருஷத்துல நான் செத்தாத்தான் போட்ட காசு கைக்கு வரும். செத்துத் தொலையலைன்னா கட்டுனது அத்தனையும் பாழு. எந்த மடையனாவது இப்படி ஒரு சரக்கை வாங்குவானா? நான் தரகன்டி! என்னைப் பாத்தா எப்படித் தெரியுது இவனுகளுக்கு? வேணாம் மரைக்காரே. அந்தக் காசுக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கி இவ பேருல விடுறேன்."

"கன்னுக்குட்டியை உன் தம்பி ஓட்டிட்டுப் போயிருவான்" என்றாள் முத்தாயி. சாணி உருண்டையைச் சுவரில் அறைந்துவிட்டுத் திரும்பினாள். "தம்பி, மறுபடி சொல்லு. இவரு அஞ்சு வருஷமும் இருந்தா, கட்டுன காசு என்ன ஆகும்?"

தாவூது தலையைக் குனிந்துகொண்டான். "போயிரும் அக்கா."

"ஒரு காசுகூடத் திரும்பாதா?"

"திரும்பாது."

"அப்ப அதையே எழுது."

"ஏய், உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்றான் மருதப்பன். "காசு போகும்டி!"

"போகட்டும்." அவள் சாணிக் கையோடு அவன் எதிரே வந்து நின்றாள். "அந்தக் காசு போச்சுன்னா நீ இருக்கேன்னு அர்த்தம். நல்லாப் போகட்டும். ஒரு காசு பாக்கியில்லாமப் போகட்டும். காசு திரும்பி வந்துறக் கூடாதுன்னுதான் நான் மாரியாத்தாளுக்கு வெளக்குப் போடப் போறேன். வறட்டிக் காசுல நான் கட்டுறேன். நீ கையெழுத்த மட்டும் போடு."

மருதப்பன் பழக்க தோஷத்தில் தோளிலிருந்த துண்டை எடுத்தான். இத்தனை வருஷத் தரகில், நட்டமாகப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்க வந்த ஒரு ஆளிடம் எப்படிப் பேரம் பேசுவது என்று அவன் கற்றிருக்கவில்லை. கண் கரித்தது. பட்டிப் புகைதான் என்று சொல்லிக்கொண்டு துண்டால் துடைத்தான். தாவூது நீட்டிய தாளில், அவன் காட்டிய இடத்தில், கட்டை விரலை வைத்தான். பணம் யாருக்கு என்ற இடத்தில் முத்தாயி என்று எழுதி, அதைத் தாவூது வாய்விட்டுப் படித்துக் காட்டினான். முத்தாயி இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. காலையில் ஒரு செம்புப் பால், பச்சை முட்டை. சுருட்டை அவள் பிடுங்கி அடுப்பில் போட்டாள். விற்கிற பாலைக் குடிக்கிறோமே என்று அவன் ஒவ்வொரு மடக்குக்கும் முனகினான். அவள் நின்று பார்த்து, அவன் செம்பைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் நகர்வாள். இருமல் குறைந்தது. பிறகு நின்றது. கொடியில் துண்டு அழுக்காகவே தொங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் முத்தாயிக்குச் சந்தோஷம்.

வருஷா வருஷம் பணம் வாங்கத் தாவூது வருவான். வேறு வீடுகளில் அவன் போன பின் தண்ணீர் தெளிப்பார்கள். இங்கே அவனுக்குச் சீனி போட்ட கோப்பியும் முறுக்கும் கிடைத்தன. வறட்டிக் காசை முத்தாயி மாப்பிள்ளைக்குச் சீர் வைப்பது மாதிரி தட்டில் வைத்துக் கொடுத்தாள். சின்னக்கண்ணும் அவ்வப்போது வந்து, அண்ணன் கன்னத்தில் சதை போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, பட்டிப் பக்கம் போகாமலே திரும்பினான்.

கெடு முடிந்த அன்று தாவூது வந்தபோது மருதப்பன் பட்டியில் ஒரு காளையின் லாடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். தாவூது முத்தாயி எதிரில் தயங்கித் தயங்கி நின்றான். பணம் வாங்க வரும்போது இல்லாத கூச்சம் அன்றைக்கு அவனுக்கு இருந்தது.

"அக்கா, கெடு முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சு போச்சா?"

"கட்டுன காசு ஒண்ணும் திரும்பாது. நான் அப்பவே சொல்லியிருக்கேன். தப்பா நெனைக்கக் கூடாது."

"எல்லாமே போச்சா தம்பி?"

"எல்லாமே போச்சுக்கா."

அவள் அவனை மூன்றாம் தரமும் சொல்ல வைத்தாள். பிறகு மாட்டுத் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பு மாதிரித் தெரியவில்லை. தாவூது தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"துவான் அண்ணனை இன்னொரு தரம் பாக்கணும்கிறாரு" என்றான். "நெஞ்சு சுத்தமா இருந்தா, புதுசா ஒரு கெடு எழுதலாமாம். ஆனா அதுவும் இதே தினுசுதான் அக்கா. அண்ணன் நல்லா இருந்தா…"

முத்தாயி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பட்டிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"யோவ்! கையக் கழுவிட்டு வாய்யா. இன்னும் அஞ்சு வருசத்துக் காசத் தொலைக்கணும்."